மாடு எழும்புகிற மாதிரி

நான் எங்கே போனாலும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை என் பின்னால் வந்துகொண்டிருந்தது. கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு வரும். மாமரத்தடிக்குப் போனால் அங்கேயும் வரும். பண்ணைக்காரி ஒரு கையில் அதைத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையை என் முழங்கைக்குக் கீழே தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, "இருங்கோ ரீச்சர், இருங்கோ" என்பாள். பிள்ளைகளை இருத்தி எழுப்பியே காலத்தைக் கழித்தவள் நான். கணக்குப் பாடம் என்றால் சும்மாவா? என்னை ஒருத்தி இருத்துவதா என்று பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் இருப்பேன். இருந்தால் எழும்புவதற்குக் கதிரை வேண்டியிருந்தது, அதுதான் என் வில்லங்கம்.

வவுனியாவில் என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நான் தனிதான். பால் கொண்டு வருகிறவள் கூப்பிட்டுப் பார்த்து, சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்து கதவை உடைக்கும்வரை ஈரத் தரையில் கிடந்தேன். தொடையெலும்பில் வெடிப்பு. ஆஸ்பத்திரி, பயிற்சி எல்லாம் முடிந்து எலும்பு பொருந்திவிட்டது. பொல்லு ஊன்றி நடக்கவும் தொடங்கிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் திரும்பி வரவில்லை. நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது. வலது முழங்கால் அரைவாசிதான் மடங்கும், அதற்கு மேல் என்ன கெஞ்சினாலும் கேட்காது.

லண்டனிலிருந்து ஓடி வந்த மகளிடம் ஒரேயொரு கேள்விதான் இருந்தது.

"திரும்ப விழுந்தா ஆரம்மா உங்களைத் தூக்கிறது?"

"நான் விழமாட்டன்."

"போன முறையும் விழுவன் எண்டு சொல்லிப்போட்டோ விழுந்தனீங்கள்?"

என் வாய்க்குப் பிறந்த வாய். என்னைத் தன்னோடு லண்டனுக்குக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்துவிட்டாள். எனக்கு லண்டனில் என்ன வேலை? அவள் வேலைக்குப் போனபின் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் கிணறு, என் கறிவேப்பிலை, மாலையில் வாசல் படலையடியில் நின்று கதைக்கும் பெண்கள் எல்லாம் இங்கே கிடக்க, நான் அங்கே போய் என்ன செய்வது? கடைசியில் ஒரு பேரம் பேசினேன்.

"நீ அடுத்த லீவிலை வரேக்கை, நிலத்திலை இருந்து ஒருதரும் பிடியாமல் எழும்பிக் காட்டிறன். காட்டினா என்னை என்ர வீட்டிலை விடு. காட்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு உன்னோடை வாறன்."

உடனே சம்மதித்தாள். என்னால் முடியாது என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். வீட்டைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டாள். தான் திரும்பி வரும்வரை நான் இருக்க, போனில் படம் பார்த்து ஓர் ஓய்வுப் பண்ணையையும் பிடித்துவிட்டாள். ஓய்வாம் ஓய்வு.

கிளிநொச்சியிலிருந்து இரணைமடுப் பக்கம் போய், தார் வீதி முடிந்து, கிரவல் பாதையும் முடிந்து, வாய்க்கால் கட்டில் ஓட்டோ ஆடி ஆடிப் போய்ச் சேரும் இடம் அது. பஸ் சந்தி வரைதான் வரும், அதுவும் வந்தால்தான். வெளியே பார்த்தால் கிடுகுக் கூரைக் குடில், உள்ளே போனால் கொழும்பு வீடு மாதிரி மாபிள் தரை. தென்னைகள், கச்சான் கடலைப் பாத்தி, ஒரு மாட்டுக் கொட்டில், அதற்கு அப்பால் வயல். வெள்ளைக்காரரும் கொழும்புப் பெடியளும் வந்து, ஊஞ்சல் படுக்கையில் கிடந்து, மாட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டு மறுநாளே போய்விடுவார்கள். சிறுபோகம் என்கிற கோடை நெற்காலம் முழுக்க இருக்க வந்த முதல் விருந்தாளி நான்தான்.

பண்ணை நடத்துகிறவர்கள் ஒரு புருஷன் பெண்சாதி. அவனுடைய ஆட்கள் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து காணி வாங்கி வந்தவர்கள். அவளுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்தவர்கள். அதனாலோ என்னவோ, அந்த வீட்டில் தேயிலைத் தகரப் பேணியைத் தொடும் உரிமை அவனுக்கு இல்லை. அவளுடைய பேச்சு எங்கள் பேச்சுத்தான். பதறினால் மட்டும் மலைநாட்டுக்கு ஏறிவிடும்.

இருவரும் தங்கமான ஆட்கள். அதுதான் தொல்லை. வந்தவர்களை ஒரு துரும்பைத் தூக்க விட்டாலும் ஊர் என்ன கதைக்கும் என்ற பயம் அவர்களுக்கு. என் மகள் வேறு போனில், "அம்மாவைத் தனிய விடாதேங்கோ" என்று ஓதி வைத்திருந்தாள். விளைவு, அந்தக் கதிரை. சாப்பாட்டிலும் இதே கூத்துத்தான். மேசையில் எனக்குப் பாணும் பட்டரும் ஜாமும் வரும். குசினிக்குள் குரக்கன் புட்டும் குளத்து மீன் குழம்பும் மணக்கும். குரக்கன், அதுதான் கேழ்வரகு, விருந்தாளிக்குக் கொடுப்பது மரியாதைக் குறைவாம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பொறுமை போய்விட்டது. "பாண் தின்னவோ இவ்வளவு தூரம் வந்தனான்?" என்று குசினி வாசலில் போய் நின்றேன். அவள் வெட்கத்தோடு புட்டை அள்ளி வைத்தாள். அது என் முதல் வெற்றி. ஆனால் நான் அங்கே போனது புட்டுக்காக அல்ல.

ஒரு பின்னேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பாயை விரித்து, கட்டிலைப் பிடித்து மெதுவாக நிலத்தில் இருந்தேன். இருப்பது சுகமாகத்தான் இருந்தது. எழும்பப் பார்த்தேன். இடது காலை மடக்கி, கையை ஊன்றி, உன்னினேன். வலது முழங்கால் சுரீரென்றது, பாயில் விழுந்தேன். திரும்ப உன்னினேன், திரும்ப விழுந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீரோடு அவள் உள்ளே வந்தாள். கோப்பை ஒரு பக்கம் போனது, அவள் போட்ட கூச்சலில் புருஷன் வயலிலிருந்து ஓடி வந்தான். இருவருமாக என் இரண்டு கமுக்கட்டிலும் பிடித்து, உரப்பையைத் தூக்குவது போலத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள்.

அன்றைக்கு அழுதேன். வலிக்கு அழவில்லை. மகள் சொன்னது சரியாகிவிட்டதே என்று அழுதேன். என் வீட்டு வாசலைத் திரும்ப மிதிக்கமாட்டேன் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு கதிரைக் காவல் இன்னும் இறுகியது.

காலையில் பால் கறந்து முடித்ததும் அவள் என்னை மாமரத்தடியில், கொட்டிலைப் பார்த்தபடி இருத்திவிட்டுப் போவாள். எனக்கு எதிரே மாடு படுத்திருக்கும். நல்ல கொழுத்த பசு. அதுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருப்போம், அதற்காவது அசைபோட வைக்கல் இருந்தது. ஒருநாள் அது எழும்பியது. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ மாட்டைப் பார்த்திருக்கிறேன். மாடு எழும்புவதைப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது அவசரப்படவில்லை. முதலில் முன்னங்கால்களை மடித்தபடியே முழங்காலில் நின்றது. தலையை முன்னுக்கு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கியது. தலை கீழே, பின்பக்கம் மேலே. வெட்கம் கெட்ட நிலைதான். அப்படியே கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. பிறகு ஒரு முன்னங்காலை வைத்தது, பிறகு மற்றதை வைத்தது. முடிந்தது அலுவல். அந்தப் பாரத்தைத் தூக்க அதற்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை.

எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. நான் மனுசத்தனமாகத் தலையை முதலில் உயர்த்தப் பார்த்தேன். தலையும் நெஞ்சும் மேலே போனால் பாரம் முழுக்க மடங்கிய முழங்காலில்தானே இறங்கும்? பின்பக்கம் முதலில் போகட்டும். தலை கடைசியாக வரட்டும். இதை ஒரு ஆஸ்பத்திரியிலும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லியிருந்தால் நான் கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் பால் கறக்கிற நேரம் என் பாடசாலை நேரம். குடிலின் பின்பக்கம் மணல் மெத்தென்று இருக்கும். கட்டிலில் இருந்து வழுக்கி இறங்குவது போல மரக்குற்றியைப் பிடித்து இறங்கி, கவிழ்ந்து படுப்பேன். இரண்டு கையையும் ஊன்றி, நல்ல முழங்காலில் நின்று, வில்லங்கக் காலை நீட்டினபடியே வைத்து, பின்பக்கத்தை உயர்த்துவேன். அது வந்தது! முதல் நாளே வந்தது! ஆனால் அதற்கு மேல் ஓடவில்லை. கை இரண்டையும் மணலில் ஊன்றிக்கொண்டு, கால்களுக்கு நடுவால் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடி நிற்பேன். கையை எடுத்தால் விழுவேன் என்று பயம். கதிரையை இழுத்து வைத்துப் பிடித்தால் எழும்பலாம். அது கணக்கில் சேராது. விழுகிற இடத்திலெல்லாம் கதிரை நிற்குமா? கவிழ்ந்து விழுந்து மணல் தின்ற நாட்கள் பல. மகள் வருகிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. நான் இன்னும் பாதி மாடுதான்.

அப்போதுதான் தண்ணீர் முறை வந்தது. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத்தான் விடுவார்கள். இவர்களுடைய வயல் கடைசி வயல். மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு மிஞ்சி வருவதுதான் இவர்களுக்கு. பயிர் குடலையாக, நெற்கதிரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றது. இந்த முறையைத் தவறவிட்டால் நெல் சப்பிதான், வெறும் உமி. புருஷன் விடியவே வாய்க்கால் வழியே மேலே போய்விட்டான், யாரும் இடையில் மறிக்காமல் பார்க்க. அவள் மண்வெட்டியோடு வயலுக்கு வெளிக்கிட்டாள்.

"நானும் வாறன்" என்றேன்.

"வேண்டாம் ரீச்சர், வரம்பு வழுக்கும்."

"தண்ணி வாறதைப் பார்க்க வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு போறாய். நான் மட்டும் என்ன, விருந்தாளி இல்லையோ?"

கதிரையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். அகன்ற வரம்பில் அதை வைத்து என்னை இருத்தினாள்.

தண்ணீர் வந்தது. வைக்கல் துரும்பும் நுரையுமாக, கபில நிறத்தில், முக்கி முனகி வந்து மடை வாய்க்குள்ளால் வயலில் இறங்கியது. காய்ந்த மண் குடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தப் பயிரோடு சேர்ந்து தொண்டை நனைந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தாழ்ந்த பக்கத்து வரம்பு பொளக்கென்று போனது. நண்டு வளை. ஒரு முழம் அகலத்துக்கு வாயைத் திறந்து, வந்த தண்ணீர் முழுக்கக் கழிவு வாய்க்காலுக்குள் பாயத் தொடங்கியது.

அவள் உடைப்புக்குள் பாய்ந்தாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து, குனிந்து, கையால் சேற்றை அள்ளி அள்ளி அடைத்தாள். போடப் போட தண்ணீர் கொண்டுபோனது. புருஷனைக் கூப்பிட்டாள். அவன் கூப்பிடு தூரத்தில் இல்லை. மண்வெட்டி என் பக்கத்து வரம்பில் குத்தி நின்றது. அதை எடுத்து அவளுக்கு நீட்டலாம் என்று எழும்பி, ஓரடி வைத்து, குனிந்தேன். கால் போனது. வயலுக்குள், சேற்றில், மல்லாக்க விழுந்தேன்.

"ஐயோ ரீச்சரம்மா! அசையாம படுத்திருங்க, நான் வாரேங்க!"

மலைநாட்டுக் குரல். அவள் ஒரு காலை உடைப்பிலிருந்து எடுத்துவிட்டாள். அந்த இடைவெளியால் தண்ணீர் சீறியது. அவள் வந்து என்னைத் தூக்கி முடிப்பதற்குள் அந்த முறையும் போய்விடும், போகமும் போய்விடும். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததென்று தெரியாது. பெரிய வகுப்புகளை அடக்கின குரல்.

"வந்தா கொல்லுவன்! அங்கையே நில்! காலை வை!"

வைத்தாள்.

நான் சேற்றில் கிடந்தேன். வானம் நல்ல வெளிச்சமாக இருந்தது. மகளுடைய கேள்வி காதில் கேட்டது, ஆரம்மா தூக்கிறது என்று. ஒருதரும் இல்லை பிள்ளை என்று சொல்லிக்கொண்டு புரண்டு கவிழ்ந்தேன். கை முழங்கை மட்டும் புதைந்தது. நல்ல முழங்காலை மடித்தேன். நனைந்த சேலை பொல்லாத பாரம். பின்பக்கத்தை உயர்த்தினேன். நின்று யோசித்தேன், மாடு யோசித்த மாதிரியே. பிறகு கையைப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்த்திக் கால்களுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். மணலில் இல்லாத ஓர் உதவி சேற்றில் இருந்தது. இரண்டு பாதத்தையும் அது விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஒரு கையை எடுத்துத் தொடையில் வைத்தேன். விழவில்லை. மற்றக் கையையும் எடுத்தேன். தலை கடைசியாக வந்தது.

நின்றேன். பிடிக்க ஒன்றும் இல்லாத வயலின் நடுவில், என் இரண்டு காலில், நான் நின்றேன். "எழும்பிட்டன்! பார் பிள்ளை, எழும்பிட்டன்!" என்று கத்தினேன். பக்கத்து வயல் கொக்குகள் எல்லாம் கிளம்பின. அவ்வளவு சந்தோசம் எனக்கு என் கல்யாணத்திலும் வந்ததில்லை, அவர் இருந்திருந்தால் கோபித்திருப்பார்.

"உடைப்பு நிக்குதில்லை ரீச்சர்!" என்று அவள் அழுதாள்.

சுற்றிப் பார்த்தேன். கதிரை வரம்பில் சும்மா இருந்தது. சேற்றில் காலை இழுத்து இழுத்துப் போய், அதன் காலைப் பிடித்து இழுத்தேன். அது தண்ணீரில் விழுந்து மிதந்து, நான் தள்ளத் தள்ள உடைப்புக்குப் போனது.

"இதை வை!"

"ஐயோ, கதிரையையா?"

"வை எண்டிறன்!"

பக்கவாட்டாகச் சரித்து வைத்தாள். முதுகுப் பக்கம் உடைப்பை மறித்தது, கால்கள் இரண்டு பக்க மண்ணிலும் குத்தி நின்றன. வரம்பில் கிடந்த வைக்கலை அள்ளி அதற்குள் திணித்தாள். நான் மண்வெட்டியை அவளிடம் தள்ளிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே சேற்றை அள்ளி எறிந்தேன். பாதி அவள் முகத்தில் விழுந்தது. சேறு இந்தத் தடவை தங்கியது. தண்ணீர் தயங்கியது, சுழன்றது, பிறகு மனம் மாறிப் பயிருக்குள் திரும்பியது.

புருஷன் மூச்சு வாங்க ஓடி வந்தபோது வயல் நிரம்பிக்கொண்டிருந்தது. சேறு பூசிய இரண்டு பெண்களைப் பார்த்தான். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தான். பிறகு பெண்சாதியைக் கேட்டான்.

"ரீச்சரை ஏனப்பா நிக்க விட்டனீர்? கதிரை எங்கை?"

அவள் வரம்பைக் காட்டினாள். சிவப்பாக ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தோம், அவன் ஒன்றும் விளங்காமல் நின்றான். அந்தக் கதிரை அறுவடை வரையும் அங்கேயேதான் இருந்தது. அதற்குப் பிறகு என் பின்னால் ஒரு கதிரையும் வரவில்லை.

மகள் வந்தபோது கதிர் வெளியே பறிந்து, வயல் பால் மணத்தோடு நின்றது. வான் வண்டியிலிருந்து இறங்கியவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பண்ணைக்காரி பழக்க தோசத்தில் ஒரு நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அவளுக்கு வை பிள்ளை. தூரப் பயணம்" என்றேன்.

மகள் இருந்தாள். நான் அவள் முன்னால் முற்றத்து மணலில் இறங்கி இருந்தேன். பொல்லைத் தூர எறிந்தேன். கவிழ்ந்தேன், பின்பக்கத்தை உயர்த்தினேன், யோசித்தேன், எழும்பினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இதென்னம்மா இது?"

"மாடு எழும்புற மாதிரி."

"இன்னொருக்காச் செய்யுங்கோ."

செய்தேன்.

"இன்னொருக்கா."

"சரியான விடைக்கு ஒரு சரிதான் போடுறது. எத்தினை தரம் கேப்பாய்?"

அவள் அழுதுகொண்டே சிரித்து, என்னிடம் வர எழும்பினாள். கதிரைக் கையைப் பிடித்து, இடுப்பில் கை வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எழும்பினாள்.

"உனக்கென்ன நாரிக்குள்ளை?"

"ஒண்டுமில்லை. நாள் முழுக்க இருந்து வேலை செய்யிறது. பிடிப்பு."

"நிலத்திலை இரு பாப்பம்."

விளையாட்டாகத்தான் இருந்தாள். எழும்பப் பார்த்தாள், பாதியில் ஐயோ என்று திரும்ப இருந்தாள். என் பக்கம் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இத்தனை மாதம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற ருசி எனக்கு.

"விழுந்தா உன்னை ஆர் தூக்கிறது, அங்கை?"

பகிடியாகத்தான் கேட்டேன். அவள் நீட்டின கை மடியில் இறங்கியது. வேலை முடிந்து தனியே மாடி ஏறிப் போகிறவள், தனியே சமைத்துத் தனியே சாப்பிடுகிறவள். என்னைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கேள்வியை அவள் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. அது அவளுக்கே சொந்தமானது.

அவளுக்குப் பக்கத்தில் மணலில் நானும் இறங்கி இருந்தேன்.

"அவசரப்படாதை. கவிண்டு படு. முதல் பின்பக்கம். தலை கடைசியா வரட்டும்."

"வெக்கமா இருக்கம்மா. ஆக்கள் பாக்கினம்."

"மாடுதான் பாக்குது. அது ஒண்டும் சொல்லாது."

நல்ல உடுப்போடு அவள் கவிழ்ந்தாள். நானும் பக்கத்தில் கவிழ்ந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கத்தை உயர்த்தினோம். கால்களுக்கு நடுவால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் அவள் ஒருதரம் விழுந்தாள். இரண்டாம் தரம் எழும்பிவிட்டாள், எனக்கு முன்னமே.

மணல் ஒட்டின கையோடு கைப்பையைத் துழாவி என் வீட்டுத் திறப்பை எடுத்தாள். அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்ர அறையையும் கூட்டி வையுங்கோ" என்றாள். "நானும் கொஞ்ச நாளைக்கு வந்து இருக்கப் போறன்."

"ஓம்" என்றேன்.